ஈரக் காற்றில் நெடுந்தொலைவு ஓட்டம்: உணவும் நீரும்

சமதரையில் ஓடும் ஒருவர், தம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி ஆற்றலைச் செலவிடுகிறார் என்பது உடற்செயலியலில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் கணக்கு. வேகத்தைப் பொறுத்து அந்த ஆற்றல் விரைவாகவோ மெதுவாகவோ செலவாகுமே தவிர, மொத்தத் தொகை பெரிதாக மாறுவதில்லை. இதன்படி 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 42.195 கிலோமீட்டர் நீளமுள்ள மாரத்தானை முடிக்க 2,500 கிலோகலோரி அளவுக்குத் தேவைப்படுகிறது. இதை உடல் இரண்டு கையிருப்புகளிலிருந்து எடுக்கிறது. ஒன்று கொழுப்பு, மெலிந்த ஓட்டக்காரரிடம்கூடப் பல மாரத்தான்களுக்குப் போதுமான அளவு அது இருக்கிறது. மற்றொன்று கிளைக்கோஜன், அதாவது உண்ட மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்து, தசைகளிலும் கல்லீரலிலும் மறுபடி கோக்கப்பட்டுச் சேமிக்கப்படும் வடிவம். இது தசைகளில் 400 முதல் 500 கிராம் வரையிலும் கல்லீரலில் 100 கிராம் அளவிலும் மட்டுமே தங்குகிறது. கிராமுக்கு 4 கிலோகலோரி என்ற கணக்கில் இந்த இருப்பு முழுவதையும் சேர்த்தாலும் 2,500 கிலோகலோரியை எட்டுவது அரிது.

கொழுப்பு அவ்வளவு இருக்கும்போது கிளைக்கோஜனைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி இயல்பாக எழும். ஒரே அளவு ஆக்சிஜனைக் கொண்டு மாவுச்சத்திலிருந்து பெறும் ஆற்றல், கொழுப்பிலிருந்து பெறுவதைவிடக் கூடுதல். அதனால் ஓட்டத்தின் வேகம் ஏற ஏற உடல் கிளைக்கோஜனையே அதிகமாக நாடுகிறது. அது தீரும் தறுவாயில் ஓட்டக்காரர் கொழுப்பை மட்டும் நம்பி ஓட வேண்டியிருப்பதால் வேகம் சட்டென்று விழுகிறது, கால்கள் கனக்கின்றன, இரத்தச் சர்க்கரை இறங்குவதால் தலை கிறுகிறுக்கிறது. பெரும்பாலோருக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிய பின் நேரும் இந்த நிலையைத்தான் ஓட்டக்காரர்கள் சுவரில் முட்டுவது என்கிறார்கள்.

இதற்கும் உணவுக்கும் உள்ள உறவு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது. 1924ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் முடிவில் ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், நிலைகுலைந்து வந்து சேர்ந்தவர்களின் இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்ததைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு அவர்களில் சிலரை முந்திய நாள் மாவுச்சத்தை நிறைய உண்ணச் செய்து, ஓட்டத்தின் நடுவே மிட்டாயும் கொடுத்தபோது அந்தச் சரிவு பெருமளவு தவிர்ந்தது. 1960களில் சுவீடனில் யோனாஸ் பெரிஸ்ட்ரோமும் அவருடன் பணியாற்றியவர்களும் ஊசியால் தசைத் துணுக்கை எடுத்து கிளைக்கோஜனை நேரடியாக அளந்து, உண்ணும் மாவுச்சத்தின் அளவுக்கேற்பச் சேமிப்பும், சேமிப்புக்கேற்பத் தாக்குப்பிடிக்கும் நேரமும் கூடுவதை உறுதிசெய்தனர். இன்றைய பரிந்துரைகள் அனைத்தும் அந்த அடித்தளத்தின் மேல் நிற்பவையே.

அன்றாடத் தட்டு

நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 கிராம் மாவுச்சத்தும், பயிற்சி அதைத் தாண்டி நீளும் நாள்களில் 6 முதல் 10 கிராமும் தேவை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் கணக்கு 300 முதல் 420 கிராம் வரை வருகிறது. சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், களி என்று சுழலும் தமிழ்நாட்டு உணவில் இந்த அளவை எட்டுவது எளிது. உலகின் மிகச் சிறந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களை அளித்த கென்யாவிலும் அன்றாட உணவு இதே போக்கில்தான் இருக்கிறது. அங்குள்ள முன்னணி வீரர்களின் உணவை எடை போட்டுப் பார்த்த ஆய்வில், மொத்த ஆற்றலில் முக்கால் பங்கு மாவுச்சத்திலிருந்தே வந்தது. அதில் பெரும்பகுதி நம் களியை ஒத்த உகாலி என்ற மக்காச்சோளக் களியும், பால் விட்டுக் காய்ச்சிய தேநீரில் கரைத்த சர்க்கரையும் ஆகும். அரிசியை அறவே ஒதுக்கிவிட்டு மாரத்தானுக்குப் பயிற்சி செய்யும் வழக்கம் அண்மைக் காலத்தில் பரவியிருக்கிறது. எடை குறைப்பதற்கு அது உதவலாம் என்றாலும், வேகமான நெடும் ஓட்டத்துக்கு அது உகந்த வழி என்று சொல்ல முடியாது.

நம் தட்டில் குறைவது புரதம். நெடுந்தொலைவு ஓட்டக்காரருக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் தேவைப்படும் நிலையில், 60 கிலோ எடையுள்ளவர் குறைந்தது 72 கிராமைத் தேட வேண்டியிருக்கிறது. சாம்பார் ஊற்றிக்கொண்டதாலேயே பருப்பு சாப்பிட்டாயிற்று என்று கணக்கு எழுதிவிடுவது வீடுகளில் வழக்கம். ஆனால் நீர்த்த சாம்பார் ஒரு கிண்ணத்தில் கிடைக்கும் புரதம் 4, 5 கிராமைத் தாண்டுவதில்லை. முட்டை ஒன்றில் 6 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9 கிராம், பால் ஒரு தம்ளரில் 6 கிராம், பன்னீர் 100 கிராமில் 18 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் என்று வைத்துக்கொண்டு, ஒரே வேளையில் குவிக்காமல் நான்கு வேளைகளுக்குப் பிரித்து உண்பது பயன் தரும்.

இரும்புச்சத்து இன்னொரு குறை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்த நிலையில் எவ்வளவு பயிற்சி செய்தாலும் வேகம் கூடாது என்பதோடு, பாதம் தரையில் மோதும்போது சிவப்பணுக்கள் சிதைவதாலும் வியர்வை வழியாகவும் ஓட்டக்காரர்கள் மேலும் சிறிது இரும்பை இழக்கிறார்கள். ஆகவே பயிற்சித் திட்டத்தைத் தொடங்கும்போதே ஹீமோகுளோபினையும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சோதித்துக்கொள்வது நல்லது. உணவோடு சேர்த்துத் தேநீரோ காப்பியோ குடிப்பது இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. கீரையின் மேல் பிழிந்த எலுமிச்சையும் உணவோடு உண்ட நெல்லிக்காயும் அதைக் கூட்டுகின்றன. எடையைக் குறைக்கும் ஆர்வத்தில் செலவுக்கு ஈடாக உண்ணாமல் பல மாதங்கள் ஓடும் பெண்களுக்கு மாதவிலக்கு தவறுவதும், எலும்பில் நுண்முறிவு ஏற்படுவதும் உண்டு. இதை விளையாட்டில் நேரும் சார்பு ஆற்றல் குறைபாடு என்று பெயரிட்டுப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டு எச்சரித்தது. ஆண்களும் இதற்கு விலக்கல்லர்.

போட்டிக்கு முந்திய இரண்டு நாள்கள்

90 நிமிடங்களுக்கு மேல் நீளும் போட்டிக்கு முன், 36 முதல் 48 மணி நேரம் வரை நாளொன்றுக்குக் கிலோவுக்கு 8 முதல் 12 கிராம் மாவுச்சத்து உண்டு, ஓட்டத்தையும் குறைத்துக்கொண்டால் தசைகளின் கிளைக்கோஜன் இருப்பு நிறைகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இதன் கீழ் எல்லை 480 கிராம். காலையில் ஆறு இட்லி, இடையில் இரண்டு பெரிய வாழைப்பழம், மதியம் 400 கிராம் சோற்றுடன் ரசமும் உருளைக்கிழங்குப் பொரியலும், மாலையில் ஜாம் தடவிய ரொட்டித் துண்டு நான்கும் சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறும், இரவில் ஐந்து இடியாப்பத்துடன் சர்க்கரையும் தேங்காய்ப் பாலும், படுக்கப் போகுமுன் ஐந்து பேரீச்சை என்று ஒரு நாளைக் கணக்கிட்டால் அந்த எல்லை கிட்டத்தட்ட எட்டப்படுகிறது. கவனிக்க வேண்டியது, இது விருந்து உண்ணும் நாளாக மாறிவிடக் கூடாது என்பதே. பிரியாணியும் பரோட்டாவும் மாவுச்சத்தோடு நிறைய எண்ணெயையும் சேர்த்துக் கொண்டுவருவதால் வயிறு நிறையுமே தவிர, கணக்கு நிறையாது. கடைசி நாளில் நார்ச்சத்து மிகுந்த கீரை, சுண்டல், தோல் நீக்காத தானியங்கள் ஆகியவற்றைக் குறைத்துக்கொண்டால் போட்டியின் நடுவே கழிப்பறை தேடும் நிலை பெரும்பாலும் வராது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ 3 கிராம் நீரோடு சேர்ந்தே தங்குவதால், இந்த இரண்டு நாள்களில் ஒரு கிலோவோ சற்றுக் கூடுதலாகவோ எடை ஏறும்; அதைக் கண்டு பதறிச் சாப்பாட்டைக் குறைப்பது இதுவரை சேர்த்ததை வீணாக்குவதாகும்.

போட்டி நாளின் காலை உணவு கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் மாவுச்சத்து என்ற அளவில், ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்கு முன் முடிந்திருக்க வேண்டும் என்பது நூல்கள் கூறும் விதி. வெயிலுக்கு அஞ்சி விடியுமுன்பே தொடங்கும் நம் ஊர்ப் போட்டிகளில், இதை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற நள்ளிரவில் எழ வேண்டியிருக்கும். இரவுத் தூக்கத்தின்போது தசைகளின் இருப்பு பெரிதாகக் குறைவதில்லை; குறைவது, மூளைக்குக் குளுக்கோஸ் வழங்கும் கல்லீரலின் இருப்பு மட்டுமே. ஆகவே முந்திய இரவு நன்றாக உண்டிருந்தால், புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு சர்க்கரை தொட்ட மூன்று இட்லியோ, ஜாம் தடவிய ரொட்டியும் ஒரு வாழைப்பழமுமோ போதுமானது. காப்பி குடிக்கும் பழக்கமுள்ளவர் அதைக் கைவிட வேண்டியதில்லை. கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபின் களைப்புணர்வைக் குறைப்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. வீட்டு டிகாக்ஷனின் திடத்துக்கேற்ப ஒரு தம்ளரில் உள்ள காஃபின் பெரிதும் மாறுவதால், போட்டி நாளில் வழக்கமான அளவைத் தாண்டாமல் இருப்பதே பாதுகாப்பு.

ஓட்டத்தின் நடுவே உண்பது

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு எதுவும் உண்ண வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தும், இரண்டரை மணி நேரத்தையும் தாண்டி வேகமாக ஓடுபவருக்கு 90 கிராம் வரையிலும் பரிந்துரைக்கப்படுகிறது. 60 என்ற எல்லைக்குக் காரணம் குடலில் இருக்கிறது: குளுக்கோஸைக் குடல் சுவரின் வழியாக உள்ளே கடத்தும் புரதங்கள் மணிக்கு அந்த அளவுக்கு மேல் கடத்துவதில்லை. பழச்சர்க்கரை எனப்படும் ஃபிரக்டோஸ் வேறொரு புரதத்தின் வழியாகச் செல்வதால், இரண்டும் கலந்த உணவு உள்ளே போகும் மொத்த அளவைக் கூட்டுகிறது. சாதாரண வெள்ளைச் சர்க்கரையும், வெல்லத்தின் பெரும்பகுதியும் பாதி குளுக்கோஸும் பாதி ஃபிரக்டோஸும் சேர்ந்த சுக்ரோஸ்தான் என்பதால், விலை உயர்ந்த பொட்டலத்தில் விற்கப்படும் கலவையின் அடிப்படை ஒவ்வொரு மளிகைக் கடையிலும் இருக்கிறது.

ஜெல் எனப்படும் கூழ்ப் பொட்டலம் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஓடும்போது மெல்ல வேண்டியதில்லை என்பது அதன் பெரிய வசதி. அதற்கு மாற்றாகக் கொட்டை நீக்கிய சிறு பேரீச்சை நான்கில் ஏறத்தாழ 20 கிராமும், பெரிய வாழைப்பழம் ஒன்றில் 25 கிராமும், 10 கிராம் வெல்லத் துண்டில் 9 கிராமும் கிடைக்கின்றன. 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு ஓடுபவர்களும் உண்டு. அதன் சுவையைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்க முடியாது என்றாலும், கடலையின் கொழுப்பும் புரதமும் இரைப்பையில் நெடுநேரம் தங்குவதால் அதை ஓடி முடித்த பிறகு உண்பதே பொருத்தம். எதை உண்டாலும் முதல் 30 முதல் 40 நிமிடங்களுக்குள் தொடங்கி, பிறகு சீரான இடைவெளியில் தொடர வேண்டும். களைப்பு தெரிந்த பிறகு உண்பது காலம் கடந்த உதவி. ஓடும்போது இரத்தம் தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பப்படுவதால் குடலின் செரிக்கும் திறன் குறைகிறது. அந்த நிலையிலும் உண்பதற்குக் குடலைப் பழக்கலாம் என்பதும், அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பதும் தெரியவந்துள்ளன. எனவே வாரந்தோறும் வரும் நெடும் ஓட்டத்தில், போட்டி நாளில் உண்ணப் போகும் அதே பொருளை அதே இடைவெளியில் உண்டு பார்க்க வேண்டும்.

வியர்வையின் கணக்கு

நீரைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை என்பதால், கடற்கரை ஊர்களில் ஓடுபவர் இங்கு உடல் எப்படிக் குளிர்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடும்போது செலவாகும் 600 கிலோகலோரியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பம் நீங்குகிறது. அதாவது 800 மில்லிலிட்டர் ஆவியானாலே அந்த ஒரு மணி நேரத்தின் வெப்பம் அனைத்தையும் ஈடுகட்டிவிடலாம். ஆனால் ஆவியாவதற்குக் காற்றில் இடம் இருக்க வேண்டும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ விடியற்காலையில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும்போது வியர்வையில் ஒரு பகுதி ஆவியாகாமல் சொட்டிவிடுகிறது. சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உடலோ சூடு தணியவில்லை என்பதால் மேலும் சுரக்கிறது. மதுரை, வேலூர் போன்ற உள்நாட்டு ஊர்களின் வறண்ட வெயிலில் நிலைமை நேர்மாறானது: வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் சட்டை நனையாது, அதனாலேயே எவ்வளவு இழந்தோம் என்பது ஓடுபவருக்குத் தெரியாமல் போகும்.

எனவே பொதுவான அளவு எதையும் நம்பாமல் ஒவ்வொருவரும் தம் வியர்வை வீதத்தை அளந்துகொள்வதுதான் இந்த இயலில் கூறப்படுபவற்றுள் முதன்மையானது. ஓடுவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, உடையின்றி எடை பார்க்க வேண்டும். ஓடும்போது குடித்த நீரை அளந்து வைக்க வேண்டும். முடிந்ததும் துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி உடையின்றி எடை பார்க்க வேண்டும். முன்பு 62.0 கிலோவாக இருந்தவர் 75 நிமிடம் ஓடிய பின் 61.0 கிலோவாக இருந்து, நடுவே அரை லிட்டர் குடித்திருந்தால், அவர் இழந்தது ஒன்றரை லிட்டர், மணிக்கு 1.2 லிட்டர். இடையில் சிறுநீர் கழித்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். எரிந்துபோன மாவுச்சத்தின் எடையும் இதில் சிறிது கலந்திருக்கிறது என்றாலும், நடைமுறைக்கு இந்தத் துல்லியம் போதும். கத்திரி வெயிலின்போது ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை, சனவரியில் ஒரு முறை என்று அளந்தால், ஒரே மனிதருக்குள் இந்த எண் எவ்வளவு மாறுகிறது என்பது வியப்பளிக்கும். வெப்பத்தில் தொடர்ந்து பயிற்சி செய்தால் 10 முதல் 14 நாள்களில் உடல் பழகி, வியர்வை முன்னதாகவும் மிகுதியாகவும் சுரக்கிறது. அதில் உப்பின் செறிவு குறைகிறது.

இழந்ததை முழுவதும் ஓடும்போதே திருப்ப வேண்டியதில்லை, பெரும்பாலும் அது இயலவும் இயலாது. எடை இழப்பு 2 விழுக்காட்டைப் பெரிதும் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வெப்பத்தில் ஓடுபவருக்குத் தகுந்த இலக்கு. மேற்சொன்ன ஓட்டக்காரர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி அரை மாரத்தானை முடிப்பவராக இருந்தால், மணிக்கு 600 மில்லிலிட்டர் குடித்தாலே அந்த எல்லைக்கு அருகில் நிற்பார். 2009ஆம் ஆண்டு துபாய் மாரத்தானை 2 மணி 5 நிமிடம் 29 நொடியில் வென்ற எத்தியோப்பியாவின் ஹெய்லி கெப்ரசெலாசி, அந்த ஓட்டத்தில் தம் எடையில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை இழந்திருந்தார் என்பது பதிவாகியுள்ளது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் ஓடி முடித்துவிடும் உலகச் சாதனையாளரின் உடலை, ஏறிவரும் வெயிலில் ஐந்து மணி நேரம் சாலையில் நிற்பவர் முன்மாதிரியாகக் கொள்வது விவேகமாகாது.

வியர்வையின் ஒரு லிட்டரில் அரை கிராம் முதல் 2 கிராம் வரை சோடியம் இருக்கிறது. இது ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வேறுபடுவது. ஓடி முடித்ததும் தொப்பியின் விளிம்பிலும் கறுப்புச் சட்டையின் முதுகிலும் வெள்ளைத் தடம் படிபவர் உப்பை மிகுதியாக இழப்பவர் என்று கொள்ளலாம். அத்தகையவருக்கு வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க பானம் எளிமையானது: ஒரு லிட்டர் நீரில் 60 கிராம் சர்க்கரை, தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு உப்பு, சுவைக்கு ஒரு எலுமிச்சை. 2 கிராம் அளவுள்ள அந்த உப்பில் 800 மில்லிகிராம் சோடியம் கிடைக்கிறது. சர்க்கரையின் செறிவு 6 விழுக்காடாக இருப்பதால் இரைப்பையில் தங்காமல் விரைவாகக் கீழிறங்குகிறது. இனிப்பைக் கூட்டினால் நல்லது என்று எண்ணி இரு மடங்கு போட்டால் வயிற்றுப் பிசைவுதான் மிஞ்சும்.

இளநீருக்கு இருக்கும் புகழ் சற்று அளவு கடந்தது. அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் வெளியேறுவதோ பெரும்பாலும் சோடியம். ஓடி முடித்த பின் ஒரு சிட்டிகை உப்போடு குடிக்க அது இனியது, ஓட்டத்தின் நடுவே உப்புக்கு மாற்றாகாது. நீர்மோரில் உப்பு போதுமான அளவு போடலாம் என்பது அதன் நன்மை. ஆனால் ஓடும்போது அது சிலருக்குப் புளித்து எதுக்களிக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி செய்யப்படும் ஓ.ஆர்.எஸ். தூளில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராமும் குளுக்கோஸ் 13.5 கிராமும் இருப்பதால், அது இழந்த உப்பையும் நீரையும் மீட்கச் சிறந்தது, ஆற்றல் தரப் போதாது. அதே பெயரை நினைவூட்டும் வகையில் அட்டைப் பெட்டிகளில் விற்கப்படும் இனிப்புப் பானங்களின் கலவை வேறு. பின்பக்க எழுத்தைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

நீர் மிஞ்சும்போது

நீரிழப்பைப் பற்றிய அச்சம் மிகுந்திருப்பதால், அதைவிட விரைவில் உயிரைப் பறிக்கக்கூடிய எதிர்நிலையைப் பலர் அறிவதில்லை. இழந்ததைவிட மிகுதியாகக் குடிக்கும்போது இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போய், லிட்டருக்கு 135 மில்லிமோல் என்ற அளவுக்குக் கீழே விழுவது சோடியக் குறைவு நிலை எனப்படுகிறது. ஓய்வாக இருக்கும்போது மிகுதியான நீரைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். நெடிய ஓட்டத்தின்போதோ, நீரைத் தக்கவைக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரந்துகொண்டே இருப்பதால் அந்த வழி அடைபடுகிறது. நீர்த்த இரத்தத்திலிருந்து நீர் மூளையின் அணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது.

தென் ஆப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டம் போன்ற நெடும் போட்டிகளில் இந்நிலைக்கு ஆளானவர்களைப் பற்றி, டிம் நோக்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1985ஆம் ஆண்டு எழுதினார்கள். அவ்வாறு இருந்தும், 1996ஆம் ஆண்டு அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதல் வியர்வைக்கு ஈடாகவோ தாங்கும் அளவுக்கோ குடிக்குமாறு கூறியது. அளவுக்கு மீறிக் குடிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்ற திருத்தம் 2007ஆம் ஆண்டுதான் வந்தது. இடையில் 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவை ஓட்டத்தின்போது எடை ஏறியிருந்ததும், முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனதும்.

மெதுவாக ஓடுபவருக்கே இந்த ஆபத்து ஏன் மிகுதி என்பதை ஒரு கணக்கு காட்டும். 50 கிலோ எடையுள்ள பெண் ஒருவர், மணிக்கு அரை லிட்டர் வியர்த்து, ஐந்தரை மணி நேரத்தில் மாரத்தானை முடிக்கிறார் என்றால் அவர் இழப்பது 2.75 லிட்டர். இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக 21 நிலையங்கள் இருந்து, ஒவ்வொன்றிலும் தன்னார்வலர் அன்போடு நீட்டும் 150 மில்லிலிட்டர் கோப்பையை மறுக்காமல் அவர் குடித்தால், உள்ளே போவது 3.15 லிட்டர். வேகமாக ஓடுபவர் அவ்வளவு குடிக்க நினைத்தாலும் வயிறு இடங்கொடுக்காது. இழந்ததற்கு மேல் குடித்துவிட்டால், விளையாட்டுப் பானமும் இதிலிருந்து காப்பதில்லை. அதன் சோடியச் செறிவு இரத்தத்தினுடையதில் ஒரு சிறு பங்கே. மோதிரம் இறுகுவது, கைக்கடிகாரப் பட்டை பதிவது, வயிறு குலுங்குவது, தலைவலி, குமட்டல் ஆகியவை தோன்றினால் குடிப்பதை உடனே நிறுத்த வேண்டும். குழப்பமான பேச்சோ வலிப்போ வந்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே 3 விழுக்காடு உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றுவார்கள். சோடியத்தைச் சோதிக்காமல் சாதாரண சலைனை ஏற்றுவது நிலைமையை மோசமாக்கக்கூடும் என்பதால், ஓடியவர் எவ்வளவு குடித்தார் என்பதை உடன் செல்பவர் மருத்துவரிடம் சொல்வது முக்கியம். இதே குழப்பம் உடல் கொதிக்கும் நிலையில் தோன்றினால் அது வெப்பத்தாக்காக இருக்கலாம். அப்போது பனிக்கட்டி நீரில் முதலில் உடலைக் குளிர்வித்துவிட்டு, பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.

போட்டிக்கு முன் முன்னெச்சரிக்கையாக ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரையை விழுங்கும் வழக்கம் ஓட்டக்காரர்களிடையே பரவலாக இருக்கிறது. நீரிழந்த நிலையில் அது சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு, மிஞ்சிய நீர் வெளியேறுவதையும் தடுக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் அளவு பார்க்க வேண்டியதில்லை, அறவே தவிர்க்க வேண்டும்.

ஓடி முடித்த பின்

அன்று மாலையோ மறுநாளோ மறுபடி கடுமையாக ஓட வேண்டியவர், முதல் நான்கு மணி நேரத்துக்கு மணிக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் என்ற அளவில் மாவுச்சத்து உண்டால், வெறுமையான தசைகள் விரைவாக நிறைகின்றன. மற்றவர்கள் வழக்கமான வேளைகளில் நிறைவாக உண்டாலே 24 மணி நேரத்தில் பெரும்பகுதி மீண்டுவிடும். சிதைந்த தசையைச் சீராக்க முதல் வேளையிலேயே 20 கிராம் அளவுக்குப் புரதம் சேர்ந்தால் நல்லது. மூன்று முட்டை ஏறத்தாழ அதைத் தந்துவிடும். நீரைப் பொறுத்தவரை, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லிட்டர் வரை, ஒரே மூச்சில் குடிக்காமல் சில மணி நேரங்களில் பரப்பிக் குடிக்க வேண்டும். குடிப்பதில் ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடுவதாலேயே இந்தக் கூடுதல். வெறும் நீரை உடல் விரைவில் கழித்துவிடும், உப்பு உடன் இருந்தால் தங்கும். தயிர் சாதமும் ஊறுகாயும் மாவுச்சத்து, நீர், உப்பு ஆகிய மூன்றையும் ஒருசேரத் தருவதால், முடித்ததும் விற்பனை அரங்குகளில் தேடி அலைய வேண்டியதில்லை. இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ மருந்து உட்கொள்பவர், இந்த இயலில் கூறிய உப்பு, சர்க்கரை அளவுகளைத் தம் மருத்துவரிடம் காட்டிய பிறகே கைக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை எழுந்ததும் எடை பார்க்கையில், வழக்கமான எடையைவிட ஒரு விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்து, சிறுநீரும் அடர்ந்த மஞ்சளாக இருந்து, தாகமும் இருந்தால், முந்திய நாளின் இழப்பு இன்னும் ஈடாகவில்லை என்று கொள்ளலாம். அன்றைய ஓட்டத்தை மாலைக்கோ அடுத்த நாளுக்கோ தள்ளிவைப்பது தகும். எடை வழக்கத்தைவிட ஏறியிருந்தால், அடுத்த நெடும் ஓட்டத்தில் ஒரு நிலையம் விட்டு ஒரு நிலையத்தில் குடித்து, முன்பும் பின்பும் எடையைக் குறித்துவைத்துப் பார்க்க வேண்டும்.